தங்கத் துகள் கொண்டு டிஎன்ஏ கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்குச் செயல்விளக்கம் காட்டப் போகும்போது இரண்டு சிறிய ட்யூப்களோடுதான் தொடங்குவேன். இரண்டிலும் மாதுளைச் சாறு போலச் சிவந்த திரவம் இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு உப்புக் கரைசல் விடுவேன். ஒன்று சிவப்பாகவே நிற்கும். மற்றது கண்ணெதிரே நாவல்பழ நிறத்துக்கு மாறும். பின்வரிசையில் இருப்பவர்கள்கூட எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். அதன் பிறகு வரும் கேள்விகள், ஊர் மாறினாலும், பெரும்பாலும் இவைதான்.

சிவப்பாக இருப்பது உண்மையிலேயே தங்கமா?

தங்கம்தான். ஒவ்வொரு துகளும் சுமார் 13 நானோமீட்டர் குறுக்களவு. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முடியின் குறுக்கே ஆறாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். நகைக்கடையில் பார்க்கும் மஞ்சள் கட்டித் தங்கத்துக்கு உரியது. இவ்வளவு சிறிய துகளில் ஒளி பட்டதும் அதன் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக அப்படியும் இப்படியும் அலைபாய்கின்றன. அந்த அலைபாய்தலுக்கு ஒத்துப்போவது சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. பச்சையைத் துகள் விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு வந்து சேர்வது சிவப்பு.

1857-இல் மைக்கேல் ஃபாரடே இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் உரையாற்றினார். அவர் தயாரித்த தங்கக் கூழ்மக் குப்பிகள் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன.

சாதாரண சாயம் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். 13 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்று ஒளியை உறிஞ்சும் திறன், சாய மூலக்கூறு ஒன்றின் திறனைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். கருவி இல்லாமல் கண்ணால் பார்க்க முடிவது இதனால்தான்.

பிறகு ஏன் நீலமாகிறது?

துகள்கள் ஒன்றையொன்று நெருங்குவதால். இரண்டு துகள்களுக்கு இடையிலுள்ள தூரம் துகளின் குறுக்களவைவிடக் குறையும்போது, ஒன்றின் எலெக்ட்ரான் அலைச்சல் பக்கத்துத் துகளையும் பிடித்து இழுக்கிறது. அப்போது அவை விழுங்கும் ஒளி 520-இலிருந்து 600, 700 நானோமீட்டர் பக்கம் நகர்கிறது. சிவப்பு ஒளி விழுங்கப்படுவதால் திரவம் ஊதாவாகவும் நீலமாகவும் தெரிகிறது.

சும்மா இருக்கும்போது துகள்கள் நெருங்குவதில்லை. தயாரிக்கும்போது சேர்த்த சிட்ரேட், அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டமாகப் படிந்திருக்கிறது. எதிரும் எதிரும் விலக்குகின்றன. உப்பு போட்டால் சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன. விலக்கம் போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

இதில் டிஎன்ஏ எங்கே வருகிறது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிஎன்ஏ ஒற்றை இழையாக இருக்கும்போது நூல் போல நெளியும். அதன் நைட்ரஜன் காரங்கள் வெளியே தெரியும். அந்தக் காரங்களுக்குத் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஆகவே ஒற்றை இழை துகள்மீது படிந்து, தன் பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தை வெளிப்பக்கம் காட்டி நிற்கும். துகளுக்கு ஒரு சட்டை போட்டதுபோல. அதன் பிறகு அளவாக உப்பு போட்டாலும் துகள்கள் சேராது. சிவப்பு நிலைக்கும்.

இரட்டை இழையின் கதை வேறு. காரங்கள் இரண்டு இழைகளுக்கும் நடுவில் ஜோடி சேர்ந்து மறைந்துவிட்டன. வெளியே இருப்பது பாஸ்பேட் மட்டும். இழையும் விறைப்பானது, வளைந்து துகளைத் தழுவாது. தங்கத்தின் எதிர்மின்னூட்டமும் இழையின் எதிர்மின்னூட்டமும் விலக்கிக்கொள்ள, துகள் சட்டையில்லாமல் நிற்கிறது. உப்பு போட்டால் நீலம்.

இனி சோதனையை நீங்களே ஊகிக்கலாம். தேட வேண்டிய கிருமியின் டிஎன்ஏ வரிசைக்குப் பொருந்தும் ஒரு சிறிய ஒற்றை இழையை எடுத்துக்கொள்கிறோம். இதைப் புரோப் என்பார்கள். அதை மாதிரியோடு கலந்து, 95 டிகிரி வரை சூடாக்கி, ஆறவிடுகிறோம். மாதிரியில் கிருமியின் டிஎன்ஏ இருந்தால் புரோப் அதோடு ஜோடி சேர்ந்துவிடும், தங்கத்தைக் காக்க ஆள் இருக்காது. தங்கத்தை ஊற்றி உப்பு விட்டால் நீலம். கிருமி இல்லையென்றால் புரோப் தனியாகவே இருக்கும், தங்கத்துக்குச் சட்டையாகும், சிவப்பு நிற்கும்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹுய்சியாங் லீயும் லூயிஸ் ராத்பெர்கும் 2004-இல் இதை வெளியிட்டார்கள். தங்கத்திலும் புரோபிலும் எந்த வேதி மாற்றமும் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. ஜோடி சேரும் வேலையும் நிறம் காட்டும் வேலையும் தனித்தனியாக நடப்பதால், முதல் வேலைக்கு ஏற்ற வெப்பநிலையையும் உப்பின் அளவையும் தங்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்னால் யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள், வேறு வழியில். 1996-இல் சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின், ராபர்ட் லெட்சிங்கர் குழுவினர் டிஎன்ஏ இழையின் நுனியில் கந்தகம் உள்ள தயோல் தொகுதியை இணைத்து, அதைத் தங்கத் துகளில் உறுதியாகப் பதித்தார்கள். கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள பிடிப்பு பலமானது. அடுத்த ஆண்டே, இரண்டு வகைத் துகள்கள் தேடப்படும் டிஎன்ஏவின் அடுத்தடுத்த பகுதிகளைப் பிடித்துப் பாலம்போல் இணையும் சோதனையைக் காட்டினார்கள். டிஎன்ஏ இருந்தால் துகள்கள் பின்னிக்கொண்டு நிறம் மாறும். சூடாக்கினால் மிகக் குறுகிய வெப்ப இடைவெளியிலேயே பிரிந்து மறுபடி சிவக்கும். வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறினால்கூட அந்தப் பிரியும் வெப்பநிலை மாறிவிடும். மரபணுவில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம்.

தயோல் இழையைத் துகளில் பதிக்க முன்பெல்லாம் உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒருநாள், இரண்டுநாள் காத்திருக்க வேண்டும். 2017-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியூ குழு, இரண்டையும் கலந்து உறையவைத்து எடுத்தாலே பதிந்துவிடும் என்று காட்டியது. வேலை நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சிவப்பு வந்தால் பாசிட்டிவா, நீலம் வந்தால் பாசிட்டிவா?

முறையைப் பொறுத்தது. தயவுசெய்து மனப்பாடம் செய்யாதீர்கள். ராத்பெர்க் முறையில் நீலம் பாசிட்டிவ். லிஸ்பனில் பெட்ரோ பாப்டிஸ்டா குழு 2006-இல் காசநோய்க் கிருமிக்காக வெளியிட்ட முறையில் தலைகீழ்: புரோப் பதித்த துகள்கள், தேடும் டிஎன்ஏவோடு ஜோடி சேர்ந்தால் உப்பைத் தாங்கிச் சிவப்பாக நிற்கும், சேராவிட்டால் நீலமாகும். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் 2003-இல் செய்த இன்னொரு முறையில், புரோப் பதித்த துகளேதான், ஆனால் ஜோடி சேர்ந்தால் திரள்கிறது. புரோபின் நீளம், பதிந்த அடர்த்தி, உப்பின் அளவு எல்லாம் சேர்ந்து முடிவைத் திருப்பிப் போடுகின்றன. ஒரு கட்டுரையைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்றால், முதலில் அதன் கட்டுப்பாட்டு ட்யூப்கள், அதாவது விடை முன்கூட்டியே தெரிந்த ட்யூப்கள், என்ன நிறம் காட்டின என்று பாருங்கள்.

தங்கத் துகள் சோதனை ஐந்து நிமிடத்தில் முடிகிறதென்றால், பரிசோதனைக் கூடங்கள் ஏன் இன்னும் பிசிஆர் செய்கின்றன?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துகொண்டால் பத்திரிகைச் செய்தி எதையும் நீங்களே எடைபோடலாம்.

ராத்பெர்க் முறையில் கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்துக்கு 100 ஃபெம்டோமோலுக்கும் குறைவான டிஎன்ஏ போதும். கேட்க மிகச் சிறியதாக இருக்கிறது. அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 100 ஃபெம்டோமோல் என்பது ஆறாயிரம் கோடி மூலக்கூறுகள். நோயாளியின் சளியிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமியின் டிஎன்ஏ சில பத்துப் பிரதிகளே இருக்கலாம். பிசிஆர் அந்தச் சில பிரதிகளைச் சுற்றுக்கு இரண்டு மடங்காகப் பெருக்கித் தருகிறது. 10 பிரதிகளை ஆறாயிரம் கோடிக்கு மேல் கொண்டுபோக 33 சுற்று வேண்டும். தங்கத் துகளால் அதைச் செய்ய முடியாது. அது நமக்குக் கண் மாதிரி. இருப்பதைக் காட்டும், இருப்பதைப் பெருக்காது.

பெருக்காமலேயே அந்த அளவுக்குப் போக முடியுமா என்றால், போயிருக்கிறார்கள். 2004-இல் மிர்கின் குழு பயோ பார்கோடு என்ற முறையில் 30 மைக்ரோலிட்டரில் சுமார் 10 பிரதிகள் வரை கண்டறிந்தது. காந்தத் துகளால் டிஎன்ஏவைப் பிடித்து, அதன்மேல் ஆயிரக்கணக்கான குறியீட்டு இழைகளைச் சுமந்த தங்கத் துகளை ஒட்டவைத்து, கழுவி, இழைகளைப் பிரித்து, வெள்ளி பூசிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். அருமையான வேலை. ஆனால் அதை எளிய சோதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். 2020-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் கொரோனா வைரஸின் ‘N’ என்ற மரபணுவைத் தங்கத் துகளால் 10 நிமிடத்தில் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். அந்த 10 நிமிடம் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்த பிறகு ஓடத் தொடங்கும் கடிகாரம். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டதிலிருந்து எண்ண வேண்டும் என்பதே என் கட்சி.

பெருக்கும் முறையோடு தங்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாமே?

அதுதான் நடைமுறைக்கு உகந்த வழி என்று நினைக்கிறேன். லேம்ப் என்ற பெருக்கும் முறைக்கு 65 டிகிரியை ஒட்டிய ஒரே வெப்பநிலை போதும். சூடும் குளிரும் மாற்றி மாற்றித் தரும் பிசிஆர் கருவி வேண்டாம், ஒரு வெந்நீர்த் தொட்டியே போதும். அரைமணியிலிருந்து ஒருமணி நேரத்தில் டிஎன்ஏ ஏராளமாகப் பெருகிவிடும். பிறகு தங்கம் நிறம் காட்டும்.

இறால் வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் பக்கம் குளம் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தொற்று வெடித்தால் மூன்று முதல் பத்து நாளுக்குள் குளம் முழுதும் செத்து மிதக்கும். மருந்து கிடையாது. குஞ்சு விடுவதற்கு முன்பே வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தப்பிக்கும் வழி. ஹேட்சரியிலிருந்து குஞ்சு வாங்கும்போது பிசிஆர் சான்றிதழ் கேட்கிறோம். ஆனால் குளக்கரையில், வளர்ப்பு நாற்பதாம் நாளில், இறால் ஓரம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்படும் விவசாயிக்கு மாதிரியை ஊருக்கு அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. 2013-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் லேம்ப் முறையையும் டிஎன்ஏ பதித்த தங்கத் துகளையும் சேர்த்து இந்த வைரஸைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனையை வெளியிட்டார்கள். இந்தத் தொழில்நுட்பம் பயன்பட வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், முதலில் குளக்கரையைத்தான் காட்டுவேன்.

ஓர் எச்சரிக்கை. பெருக்கிய ட்யூபைத் திறந்துதான் தங்கத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். திறந்த நொடியில் கோடிக்கணக்கான பிரதிகள் காற்றிலும் மேசையிலும் பரவும். அடுத்த நாள் வெறும் தண்ணீரும் பாசிட்டிவ் காட்டும். கலவை தயாரிக்கும் இடமும் ட்யூப் திறக்கும் இடமும் வெவ்வேறு அறைகளாக இருக்க வேண்டும். பைப்பெட்கூட வேறுவேறு.

கொரோனா காலத்தில் கோடு விழும் பட்டை பார்த்தோமே, அதுவும் இதுதானா?

அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான். ஆனால் வீட்டில் செய்த ஆன்டிஜென் பட்டைகள் வைரஸின் புரதத்தைத் தேடின, ஆர்என்ஏவை அல்ல. நியூக்ளிக் அமிலத்தைப் பட்டையில் காட்டியதற்கு நம் நாட்டு உதாரணம் ஃபெலூடா. டெல்லியில் சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி நிறுவனத்தில் தேபஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி குழுவினர் உருவாக்கியது. 2020 செப்டம்பரில் அனுமதி பெற்றது. முதலில் பிசிஆர் மூலம் பெருக்குவார்கள். பிறகு கேஸ்9 புரதம் சரியான வரிசையைப் பிடிக்கும். பிடித்த கூட்டணி பட்டையில் ஊர்ந்து வந்து கோட்டில் மாட்டிக்கொள்ள, தங்கத் துகள் அதற்கு நிறம் தரும். இங்கேயும் பெருக்குவது ஒருவர், அடையாளம் காண்பது ஒருவர், காட்டுவது ஒருவர் என்று வேலை பிரிந்திருப்பதைக் கவனியுங்கள்.

தங்கம் விற்கும் விலையில் இது கட்டுப்படியாகுமா?

ஒவ்வொரு அரங்கிலும் வரும் கேள்வி. கணக்குப் போட்டுவிடுவோம். 1 மில்லிமோலார் செறிவில் 100 மில்லி தயாரிக்க 39.4 மில்லிகிராம் தங்க உப்பு வேண்டும். அதில் தங்கம் 19.7 மில்லிகிராம். ஒரு சோதனைக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் 100 மில்லியில் ஆயிரம் சோதனை. ஒரு சவரன், அதாவது 8 கிராம், நாலு லட்சம் சோதனைக்கு வரும். செலவு தங்கத்தில் இல்லை. நொதி, புரோப், மாதிரியைச் சுத்தம் செய்யும் பொருள்கள், அவற்றைக் குளிரில் வைத்து அனுப்பும் ஏற்பாடு ஆகியவைதான் பணத்தைத் தின்கின்றன.

எங்கள் கல்லூரியில் துகளை நாங்களே தயாரிக்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். 1951-இல் டர்கெவிச் விவரித்த முறையே இன்றும் நடக்கிறது. மேலே சொன்ன 100 மில்லி தங்கக் கரைசலைக் கலக்கிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதி வந்ததும் 38.8 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட் 10 மில்லியை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், சொட்டுச் சொட்டாக அல்ல. வெளிர் மஞ்சள் மறைந்து தண்ணீர் போலத் தெளியும். பிறகு மை கலந்தது போலக் கருக்கும். அப்போது பலர் கெட்டுப்போய்விட்டது என்று அடுப்பை நிறுத்திவிடுகிறார்கள். பொறுங்கள். கருமைக்குள்ளிருந்து ஊதா எழும், ஊதா கரைந்து சிவப்பாகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த மாற்றத்தின்போது நான் குடுவையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்கிக்கொண்டே ஆறவிட்டு வடிகட்டுங்கள்.

கண்ணாடிக் குடுவை துப்புரவாக இருக்க வேண்டும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகத்தால் கழுவுவது வழக்கம். அது தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும். புகைபோக்கி அறைக்குள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மிஞ்சியதை மூடி வைக்கவே கூடாது, பாட்டில் வெடிக்கும். தயாரான துகளை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தொகுதி முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன். உருகியபோது அடியில் கறுப்புத் தூள், மேலே வெறும் தண்ணீர். டிஎன்ஏவோடு சேர்த்து உறையவைப்பது வேறு, வெறும் துகளை உறையவைப்பது வேறு.

எல்லா ட்யூபும் நீலமாகிவிடுகிறது. அல்லது எதுவுமே மாறுவதில்லை. எங்கே தவறு?

எல்லாமே நீலம் என்றால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். துகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு உப்பு தாங்கும் என்று முன்கூட்டியே படிப்படியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். போன வாரத்து அளவு இந்த வாரத்துத் தொகுதிக்குப் பொருந்தாது. அடுத்தது மெக்னீசியம். பிசிஆர் கலவையிலேயே அது இருக்கிறது, சோடியத்தைவிடக் கடுமையாகத் துகளைத் திரளவைக்கும். சில நொதிகளோடு வரும் டிடிடி (டைதயோத்ரைட்டால், பூச்சிமருந்து அல்ல) என்ற பொருளில் தயோல் இருப்பதால் அதுவும் துகளைக் கெடுக்கும்.

எதுவும் மாறவில்லை என்றால் நேரெதிர்க் காரணம். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் பிசிஆர் முடிந்த பின்னும் மிஞ்சும், அவை ஒற்றை இழைகள்தானே, அவை தங்கத்துக்குச் சட்டை போட்டுவிடும். புரதமும் அப்படியே. எச்சிலையோ இரத்தத்தையோ சுத்தம் செய்யாமல் ஊற்றினால் புரதம் துகளைப் போர்த்திக்கொண்டு எவ்வளவு உப்பு போட்டாலும் சிவப்பாகவே வைத்திருக்கும்.

இதனால்தான் ஒரு மாதிரிக்கு ஒரு ட்யூப் என்று நான் ஒருபோதும் செய்வதில்லை. சரியான டிஎன்ஏ உள்ளது, வேறு உயிரியின் டிஎன்ஏ உள்ளது, டிஎன்ஏவே இல்லாதது, தங்கமும் தண்ணீரும் மட்டும் உள்ளது என நாலும் மாதிரியின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மருத்துவமனையில் எங்காவது இது பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. மிர்கினும் லெட்சிங்கரும் தொடங்கிய நானோஸ்பியர் நிறுவனத்தின் வெரிஜீன் கருவிக்கு 2007-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் கிடைத்தது. தங்கத் துகளில் வெள்ளி பூசி, கண்ணாடித் தகட்டில் ஒளியால் படிக்கும் முறை. பின்னர் அதே கருவியில் இரத்தத் தொற்றுக் கிருமிகளைக் கண்டறியும் சோதனை வந்தது. அதில் பிசிஆர் கிடையாது. எப்படி முடிந்தது என்றால், இரத்தத்தை வளர்ப்புப் பாட்டிலில் வைத்துக் கிருமி பெருகிய பிறகே சோதனை தொடங்குகிறது. நொதி செய்யும் பெருக்கத்தை அங்கே கிருமியே செய்துகொடுத்துவிடுகிறது.

தங்கம் தவிர வேறு துகள்கள்?

வெள்ளி இன்னும் அழுத்தமாக நிறம் காட்டும், ஆனால் எளிதில் கெட்டுவிடும். குவாண்டம் புள்ளிகள் ஒளிரும், பார்க்கப் புற ஊதா விளக்கு வேண்டும். மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க சிலிகா பூசிய இரும்பு ஆக்சைடு காந்தத் துகள்கள் ஏற்கெனவே ஆய்வகங்களில் அன்றாடப் பொருள். ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்தால் டிஎன்ஏவோடு சுவரில் ஒட்டிக்கொள்ளும், அழுக்கை ஊற்றிவிடலாம்.

நிறத்தைக் கண்ணால் பார்த்தால் போதுமா?

முழுச் சிவப்பும் முழு நீலமும் எவருக்கும் தெரியும். இடையில் வரும் ஊதாவில்தான் இருவர் இரண்டு சொல்வார்கள். நிறமாலைமானி இருந்தால் 620, 520 நானோமீட்டர் இரண்டிலும் உறிஞ்சுதலை அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீலமாக ஆக அந்த எண் கூடும். இல்லாவிட்டால் ட்யூப்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில் செல்போனில் எடுங்கள். உப்பு விட்ட நேரத்தைத் தாளிலேயே எழுதுங்கள். ஐந்தாம் நிமிடத்தில் சிவப்பாக இருந்த ட்யூப் ஒருமணி நேரம் கழித்துத் தானாகவே ஊதாவாகியிருக்கலாம்.